மூக்குத்தி டப்பாவில் ஒரு ஈ

கத்திரிக்காயைப் பைக்குள்ளேயே வைங்க சார். வெளியே எடுத்தா புழு இறங்கிப் போயிடும், அப்புறம் உள்ளே இருக்கிற ஆபீசர் எதைப் பார்த்து மருந்து எழுதுவார்? வெறும் ஓட்டையைப் பார்த்து எழுத மாட்டார். இந்தப் பூச்சி ஆராய்ச்சி ஆபீஸ் பெஞ்சில உட்கார்ந்து உட்கார்ந்து பழகினவன் சொல்றேன். இப்ப டீ குடிக்கப் போயிருக்கார். வந்து கையைத் துடைச்சு, கண்ணாடியைத் துடைச்சு, அப்புறம்தான் கூப்பிடுவார். நேரம் இருக்கு.

இதுவா? இது ஒரு ஈ.

சிரிங்க, தப்பில்லை. என் சம்சாரம் மங்கம்மா மூணு சீசனாச் சிரிச்சுக்கிட்டிருக்கா. நடுவுல ஒரு வருஷம் அழுதா, மறுபடி சிரிக்க ஆரம்பிச்சுட்டா. ஒரு ஈயைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்ற ஆளைப் பார்த்தா நானும்தான் சிரிச்சிருப்பேன்.

என் பேர் சென்றாயன். சந்தூர்ப் பக்கம். மாந்தோப்புக் குத்தகை. பூ விட்டதும் மரத்தைப் பார்த்து மொத்தமாப் பேசி முடிச்சுடுவேன். காய் இறக்குற வரைக்கும் தோப்பு நம்ம பொறுப்பு. மரம் வச்சவன் வேற ஆள். நான் மரத்தைப் பேசினவன். படிப்பு நாலாவதோட சரி. அதுக்கப்புறம் மாட்டுச் சந்தை. இருபது வருஷம் தரகு பார்த்தேன். அங்கே வாங்கின அடியிலயும் திட்டுலயும் கத்துக்கிட்டதை வச்சுத்தான் இன்னிக்குப் பெங்களூர்க் கம்பெனிக்காரன் முன்னால கால்மேல கால் போட்டு உட்கார்றேன்.

துண்டுக்கு அடியில கை கொடுத்து விலை பேசறதைப் பார்த்திருப்பீங்க. வாயால ஒரு எண் வராது. விரலைப் பிடிச்சுத்தான் பேச்சு. நிறையப் பேர் அதுல விலை மட்டும்தான் தெரியும்னு நினைக்கிறாங்க. எனக்கு ஆளே தெரியும் சார். விரல் விறைப்பா இருந்தா சும்மா விலை கேட்டுட்டுப் போக வந்தவன். வழவழன்னு நழுவினா நாளைக்கு வருவான். லேசா நடுங்கிச்சுன்னா அவன் மாடு இல்லாம ஊருக்குப் போகப் போறதில்லை. அந்த மூணாவது ஆள் கையில மாட்டினா விடக்கூடாது. நான் விட்டதே இல்லை. பெருமைக்குச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

சரி, ஈக்கு வர்றேன்.

மாம்பழத்துல புழு வைக்கிற ஈ இருக்கே, அதைப் பிடிக்கத் தோப்புல சொம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்க விடுவோம். உள்ளே மருந்துல ஊறின ஒரு மரக்கட்டை. ஆண் ஈ அந்த வாசனைக்கு உள்ளே வந்து செத்துக் கிடக்கும். வாரா வாரம் திறந்து, கொட்டி, எண்ணணும். எண்ணிக்கை கூடினா கம்பெனிக்காரன் வெளிநாட்டுக் கப்பலுக்கு உங்க காயை எடுக்க மாட்டான். ஜூஸ் பாக்டரிக்குத்தான் போகணும். அதனால அந்த டப்பாவுக்குள்ள விழுற ஒவ்வொரு ஈயும் எனக்கு எதிர்சாட்சி.

எண்ணறதுக்கு இந்த ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வரும். அங்கயற்கண்ணி. பேரைக் கேட்டதும், அவ்வளவு நீளப் பேரு எங்க ஊர் பஸ்ஸுல ஏறாதும்மான்னு சொன்னேன். பூச்சிக்காரம்மான்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவா. ரோட்டுல இறங்கி ரெண்டு மைல் நடை. கையில குடை, தோள்ல பை, கழுத்துல கயிறு கட்டி ஒரு சின்ன பூதக்கண்ணாடி. வேலை நிரந்தரம் கிடையாது. ஏதோ ஆராய்ச்சித் திட்டமாம், ஜூன் முப்பதோட முடியுதாம். அதுக்குள்ள பெரிசா ஏதாவது காட்டினாத்தான் நீட்டிப்பாங்களாம். இதையெல்லாம் அவளா என்கிட்டச் சொல்லலை. மங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கா, மோர் குடிக்கும்போது.

முதல் நாளே வம்பு பண்ணேன். "பூச்சி பொறுக்கறதுக்குக் கூடவா காலேஜ் படிப்பு?"ன்னேன்.

"நீங்க மாங்கா பொறுக்குறீங்க, நான் பூச்சி பொறுக்குறேன். ஒரே மரத்தடிதானேண்ணா"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்குக் கோபம் வந்தா கூடையை உதைப்பேன். அன்னிக்கு உதைச்சேன். அவ பாட்டுக்கு உருண்ட கூடையைத் திருப்பி வச்சு, அதும்மேல உட்கார்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டா.

தை மாசத்துல இருந்து வைகாசி வரைக்கும் இப்படியே போச்சு. வைகாசியில, காய் இறக்க இருபது நாள் இருக்கும்போது, கிணத்தோர மரத்து டப்பாவைத் திறந்தா. பழுப்பு ஈ நாற்பதோ ஐம்பதோ இருந்துச்சு. அதுக்கு நடுவுல ஒண்ணு கறுப்பு. மத்ததை விட நீளம். இடுப்பு குளவி மாதிரி ஒடுங்கி இருக்கு. இறக்கை முழுக்கப் புகை பிடிச்ச நிறம், ஓரத்துல மட்டும் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெளிச்சம். எனக்கே வித்தியாசமாத் தெரிஞ்சுது.

அவ கண்ணாடியைக் கண்ணுல வச்சா. வச்சவ எடுக்கலை. அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டா.

"என்னம்மா?"

"தெரியலைண்ணா. பழ ஈ வகைதான். ஆனா இது மாதிரி நான் பார்த்ததில்ல. எங்க கலெக்‌ஷன்லயும் இல்ல."

அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாத்தப் போனா. நான் குப்பியைப் பிடிச்சேன். உதவிக்குத்தான் பிடிச்சேன். அப்போ அவ விரல் என் விரல்ல பட்டுது.

நடுங்குது சார்.

எனக்கு அதுக்கப்புறம் அவ பூச்சிக்காரம்மாவாத் தெரியலை. துண்டுக்கு அடியில இருக்கிற கையாத்தான் தெரிஞ்சுது. இருபது வருஷப் பழக்கம், நான் என்ன பண்ணுவேன்?

"குப்பியை வை"ன்னேன். "இது என் தோப்புல விழுந்தது. எடுத்துட்டுப் போறதுன்னா பேசிட்டு எடு."

இத்தனை மாசமா ஆயிரக்கணக்குல ஈயை அள்ளிக்கிட்டுப் போயிருக்கா, ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். அவளுக்கு முதல்ல புரியலை. விளையாட்டுன்னு நினைச்சா. நான் விளையாடலைன்னு தெரிஞ்சதும் பொறுமையா விளக்கினா. இதை ஸ்பிரிட்ல போட்டு எடுத்துட்டுப் போகணும், மைக்ராஸ்கோப்ல பார்த்துப் புத்தகத்தோட ஒத்துப் பார்க்கணும், டெல்லிக்கு அனுப்பணும், உலகத்துல யாருமே இதுக்குப் பேர் வைக்கலைன்னு உறுதியாச்சுன்னா நாம பேர் வைக்கலாம்னா.

"உங்க ஊர்ப் பேரையே வைக்கலாம்ணா"ன்னா, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

எனக்கு வந்துச்சே கோபம். ஈக்கு எங்க ஊர்ப் பேரா? பெங்களூர்க்காரன் காதுல விழுந்தா என்ன ஆகும்? சந்தூர் ஈன்னு ஒரு ஈ இருக்குன்னு தெரிஞ்சா சந்தூர் மாங்காயை எவன் தொடுவான்? "உங்க ஊர்ப் பேரை வச்சுக்க. உங்க அப்பன் பேரை வச்சுக்க"ன்னேன். அவங்க அப்பா இறந்துட்டார்னு பிற்பாடு மங்கம்மா சொன்னா. அப்பத் தெரியாது எனக்கு.

"சரிண்ணா, வைக்கலை. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

கேட்டுட்டாளா, நான் சொன்னேன். ஆபீஸ் முத்திரை போட்ட ஒரு கடிதாசி. இந்தத் தோப்புல கெடுதல் பூச்சி அளவுக்குள்ளதான் இருக்கு, புதுசா வந்த இந்த ஈயாலயும் கெடுதல் இல்லைன்னு எழுதி, பெரிய ஆபீசர் கையெழுத்து. அதைக் கம்பெனிக்காரன் மூஞ்சியில காட்டினா காய் கப்பலுக்குப் போயிடும்.

அவ என்னையே பார்த்தா. "பேரே தெரியாத பூச்சி. அது என்ன தின்னும், எங்கே முட்டை வைக்கும் எதுவும் தெரியாது. கெடுதல் இல்லைன்னு எப்படிண்ணா எழுதறது? முதல்ல ஈயைக் கொடுங்க. பார்த்துட்டுத்தானே சொல்ல முடியும்."

"முதல்ல கடிதாசி. அப்புறம் ஈ."

நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. ஈயைக் கொடுத்துட்டா அப்புறம் என் கையில என்ன இருக்கு? நாளைக்கே அவ, ஐயய்யோ இது பெரிய கெடுதல் பூச்சி, தோப்பை மூடுன்னு எழுதினா? மாட்டை அவுத்துக் கொடுத்துட்டு விலை பேசறவன் உண்டா?

அவ போகும்போது அந்த ஸ்பிரிட் குப்பியை நீட்டினா. "ஈ உங்ககிட்டயே இருக்கட்டும், இதுல போட்டாவது வைங்கண்ணா. காய்ஞ்சா பொடியாயிடும். எறும்பு வரும்"ன்னா.

நான் வாங்கலை. அவ பொருளை வாங்கினா பேச்சு முடிஞ்ச மாதிரி. சந்தையில ஒருத்தன் கொடுக்கிற கயித்தைக் கையில வாங்கிட்டோம்னா அவ்வளவுதான், மாடு கை மாறிடுச்சு. அதனால வாங்கலை. எங்க முறை அது. அவளுக்கு அந்த முறை தெரியாது, எனக்கு அவ முறை தெரியாது.

ஆனா அலட்சியமா வைக்கலை சார், அதைச் சொல்லணும். மங்கம்மாவோட மூக்குத்தி டப்பா ஒண்ணு இருந்துச்சு. நகைக்கடையில கொடுப்பானே, உள்ளே ரோஸ் கலர் பஞ்சு வச்சு. மூக்குத்தியை எடுத்துட்டு அந்தப் பஞ்சுல ஈயைப் படுக்க வச்சேன். பீரோவுல பத்திரத்தோட பத்திரமா வச்சுப் பூட்டினேன். சாவி என் இடுப்புல.

"பெத்த பொண்ணுக்குக் கூட இப்படிக் காவல் இருந்ததில்லை இந்த மனுஷன்"ன்னு மங்கம்மா பக்கத்து வீட்டுல போய்ச் சொன்னா.

அடுத்த செவ்வாய் வந்தா. காட்டுங்கண்ணா, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்னா. மாட்டேன்னேன். மாட்டைச் சந்தையில மூடி வைக்க முடியாது, இதை முடியும், முடியறப்ப எதுக்குக் காட்டணும்? அதுக்கடுத்த செவ்வாய், ஸ்பிரிட்ல போட்டீங்களான்னு மட்டும் கேட்டா. "அதை நான் பார்த்துக்கறேன், நீ கடிதாசியைப் பாரு"ன்னேன். மோர் வேண்டாம்னுட்டுப் போயிட்டா. வெயில்ல முகம் கறுத்திருந்துச்சு. இளைச்ச மாதிரி கூட இருந்துச்சு. இறங்கி வருது பேச்சுன்னு எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை மறைச்சு என்ன பண்ணப் போறேன், இப்ப.

ஜூன் இருபத்தி நாலு. செவ்வாய்க்கிழமை கூட இல்லை, வேற கிழமை. வந்தா. பையில இருந்து ஒரு கவர் எடுத்தா. கடிதாசி. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கு. தை மாசத்துல இருந்து அவ எண்ணின எண்ணிக்கை அத்தனையும் போட்டு, தோப்புல கெடுதல் ஈ அளவுக்குள்ளதான் இருக்குன்னு இங்கிலீஷ்ல. பெரிய ஆபீசர்கிட்டக் கையெழுத்து வாங்க நாலு நாள் அலைஞ்சிருக்கா. நான் ஒவ்வொரு வரியையும் அவளையே தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"இந்தக் கறுப்பு ஈயைப் பத்தி எங்கே?"

"அது இல்லைண்ணா. அதைப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். தெரிஞ்சது இவ்வளவு, அதை எழுதியிருக்கேன்."

அதுவே போதும் எனக்கு. உண்மையைச் சொல்றேன், கம்பெனிக்காரனுக்கு அந்த எண்ணிக்கை போதும். ஆனா வாய் சும்மா இருக்குமா? "இன்னும் ஒரு வரி சேர்த்துட்டு வா"ன்னேன். எதிராளி இறங்கி வந்த இடத்துல இன்னும் ஒரு படி இறக்கிப் பார்க்கறது. பழக்கம்.

மங்கம்மாதான் பேசினா. "அந்தச் சாவியை எடுக்கறியா, இல்ல நான் பீரோவை உடைக்கட்டுமா?"ன்னா.

சரின்னு போய் எடுத்துட்டு வந்தேன். கூடத்துல வச்சு நானே திறந்தேன்.

பஞ்சு இருந்துச்சு. பஞ்சு மேல கொஞ்சம் கறுப்புப் பொடி. ஒரே ஒரு இறக்கை. சின்ன எறும்பு, கண்ணுக்குத் தெரியாத ஜாதி, ஏழெட்டு, இன்னும் வேலையை முடிக்கலை.

அவ குனிஞ்சு பார்த்தா. அன்னிக்கு மண்ணுல உட்கார்ந்தாளே, அப்படி உட்காரலை. அழவும் இல்லை. பஞ்சு நுனியால எறும்பை ஒவ்வொண்ணா ஒதுக்கிட்டு, இறக்கையைக் கண்ணாடி வச்சுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

"இறக்கை போதுமா பாப்பா?"ன்னு கேட்டேன். அதுக்கு முன்னால நான் அவளைப் பாப்பான்னு கூப்பிட்டதில்லை.

"போதாதுண்ணா. முழு உடம்பு வேணும். இதை ஒரு டேப்புல ஒட்டி வைங்க. எப்பவாவது இன்னொண்ணு விழுந்தா ஒத்துப் பார்க்க உதவும்."

குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. நான் கடிதாசியை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடினேன். "இதை விட்டுட்டுப் போறியேம்மா"ன்னு. திரும்பிப் பார்த்தா. "அது உங்க தோப்போட எண்ணிக்கைண்ணா. உங்களுக்குத்தான்."

இதுதான் சார் எனக்குப் புரியாதது. இன்னிக்கு வரைக்கும் புரியலை. பண்டம் கை மாறலை. பேச்சு முறிஞ்சு போச்சு. அப்ப அவ விலையைத் திருப்பி எடுத்துட்டுத்தானே போகணும்? எவனா இருந்தாலும் அப்படித்தானே? இதுல ஏதோ சூட்சுமம் இருக்குன்னு ஒரு மாசம் யோசிச்சேன். கடிதாசியில ஏதாவது வில்லங்கம் வச்சிருப்பாளோன்னு வக்கீல்கிட்டக் கூடக் காட்டினேன். ஒண்ணும் இல்லை. காய் கப்பலுக்குப் போச்சு. நல்லாப் போச்சு. அவளுக்கு ஜூன் முப்பதோட வேலையும் போச்சு.

அதுல இருந்து நான்தான் டப்பா கட்டறேன். நான் பேசின தோப்பு, பேசாத தோப்பு, ரோட்டோர மரம், எல்லாத்துலயும். சீசன் இல்லாத மாசத்துலயும். காலையில முதல் வேலை டப்பாவைத் திறந்து கொட்டிப் பார்க்கறது. கண்ணாடிக் கடையில ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். ஊர்ல இப்ப என் பேர் பூச்சிக்காரன். எதுவும் சொல்ல முடியாது, நான் வச்ச பேர்தான்.

ஆறு தடவை இங்கே வந்திருக்கேன். ஒரு தடவை இந்த ஆபீசர் இது சேத்துக் குளவின்னார். ஒரு தடவை பூசணி ஈ. ஒரு தடவை சாதாரணப் பழ ஈதான், மருந்துல ஊறிக் கறுத்துடுச்சுன்னார். கெட்டவர் இல்லை, பொறுமையாத்தான் சொல்றார். ஒவ்வொரு தடவையும் சீட்டு எழுதிக் கொடுப்பார். அலுப்பா இருக்கு சார். டப்பா கட்டி அலுப்பு, பஸ்ஸுல வந்து அலுப்பு, இல்லைன்னு கேட்டுத் திரும்பிப் போய் அலுப்பு. முன்னே மாதிரி கோபம் கூட வரமாட்டேங்குது.

இது ஏழாவது. இதுதான் அது. என் கண்ணு ஏமாறாது. ஆறு தடவை ஏமாந்துது, அதை விடுங்க. இந்தத் தடவை டேப்புல ஒட்டின இறக்கையைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அதே புகை நிறம், அதே இடத்துல அந்தக் குருணை வெளிச்சம், அதே நரம்பு ஓட்டம். முழுசா இருக்கு. தலை, கால், இடுப்பு எல்லாம். பார்த்த நிமிஷமே ஸ்பிரிட்ல போட்டுட்டேன்.

காலையில பஸ்ஸுல இருந்து அவளுக்குப் போன் பண்ணேன். எப்பவும் எடுக்க மாட்டா, திமிரு. இன்னிக்கு எடுத்தா. ஓசூர்ல ஒரு மாவு மில்லுல இருக்காளாம். அங்கே சுவத்துல விளக்கு வச்ச பொறி மாட்டியிருப்பாங்களாம், பசை அட்டையில பூச்சி ஒட்டுமாம். அதை எண்ணறாளாம். என்னம்மா பூச்சின்னு கேட்டேன். "இங்கே எண்ணிக்கை மட்டும்தாண்ணா. பேர் யாரும் கேட்கறதில்ல"ன்னா.

விஷயத்தைச் சொன்னேன். மில்லு ஓடற சத்தம் மட்டும் கேட்டுது.

"ஸ்பிரிட்ல போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்பக் கொடுத்துடுங்கண்ணா."

"உன் கையிலதான் கொடுப்பேன். லீவு போட்டுட்டு வா."

"லீவு இல்லைண்ணா. யார் பார்த்தாலும் சரி. அங்கே இருக்கிற சார் நல்லாப் பார்ப்பார்."

"உன் பேர் வரவேண்டாமா?"

"பேர் ஈக்குத்தாண்ணா வைக்கணும். எனக்கு இருக்கு"ன்னு வச்சுட்டா.

விலை சொல்லவே தெரியாத பொண்ணு சார். இவளை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதனால நான் பஸ்ஸுலேயே முடிவு பண்ணேன். நானே பேசறேன். உள்ளே போறேன், குப்பியை மேஜையில வைக்கறேன், ஆனா கையை எடுக்க மாட்டேன். அந்தப் பொண்ணைத் திரும்ப வேலைக்கு எடுங்க, உத்தரவைக் காட்டுங்க, அப்பத்தான் மூடியைத் திறப்பேன்னு சொல்றது. எப்படி ஆரம்பிக்கணும், எங்கே இறங்கணும், எங்கே எழுந்து போற மாதிரி நடிக்கணும், எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்.

எட்டரை மணிக்கு வந்தேன் சார். ரெண்டு தடவை என் முறை வந்துது. ரெண்டு தடவையும் பின்னால இருந்தவங்களை முன்னால அனுப்பிட்டேன்.

இதோ வந்துட்டார். கையைத் துடைக்கிறார் பாருங்க. இப்ப நான்தான் போகணும்.

போனா நான் பேசுவேன் சார். நிறுத்த மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அவர் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, கோபம் வந்து இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் இது எந்த பீரோவுல கிடக்கும்?

நீங்க போங்க. உங்க கத்திரிக்காயோட இதையும் வச்சிடுங்க. நேரா, மூடி மேல இருக்கிற மாதிரிப் பிடிங்க. அவர் ஒரு சீட்டு கொடுப்பார், எந்த ஊர், எந்த மரம், எந்தத் தேதின்னு. குப்பிக்குப் பின்னால எழுதி ஒட்டியிருக்கேன், பார்த்துச் சொல்லிடுங்க. கடைசியில சேகரித்தவர்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல அங்கயற்கண்ணி. நீளப் பேருதான், முழுசா எழுதச் சொல்லுங்க. எதுவும் கேட்காதீங்க. வச்சுட்டு வந்துடுங்க.

சார், ஒரு நிமிஷம். ரசீது ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க.